லாஃப்ட் வேலைக்கு வௌவால் சர்வே: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஹாரோ வாசி:
லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஓர் அறை கட்டக் கிளம்பினோம். வரைபடம், கவுன்சில், அலைச்சல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். வௌவால் இருக்கிறதா என்று பகலில் வந்து பார்த்த சர்வே பெண் மரச்சட்டத்தின் மேலிருந்து அரிசி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்தார். எலிப் புழுக்கை என்றேன். விரலால் தேய்த்துக் காட்டினார். பொலபொலவென்று தூளானது, உள்ளே பூச்சிச் சிறகின் மினுமினுப்பு. எலியுடையது இப்படி உதிராதாம்.

ஜூனில் சாயங்கால சர்வே. தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வௌவாலின் குரலை நம் காதுக்குக் கேட்க வைக்கும் டிடெக்டரை அந்தப் பெண் 45 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்தார். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல டப், டப் என்று கேட்டது. என் கட்டைவிரல்கூட நுழையுமா என்று சந்தேகப்படும் இடுக்கு. அதிலிருந்து ஒன்று வழுக்கி விழுந்து, விழும்போதே பறந்தது. பின்னால் இன்னொன்று. மகள் 34 வரை எண்ணினாள். ஒவ்வொன்றும் ஐந்து கிராம்தான், ஆளுக்கு ஒரே குட்டி ஈனும் தாய்கள். வேலை ஒரு வருடம் தள்ளிப் போனது. பரவாயில்லை. பதினைந்து வருடம் அவற்றுக்குக் கீழேதான் தூங்கியிருக்கிறோம்!

கிராய்டன்காரன்:
எங்களுடையது கூரை ஓரப் பலகை மாற்றும் வேலை மட்டும். கவுன்சில் பெர்மிஷன் வேண்டாம், அதனால் சர்வேயும் வேண்டாம் என்று இருந்துவிட்டோம். மார்ச்சில் வேலைக்காரர் இடுக்கையெல்லாம் ஃபோம் அடித்து மூடினார். மே மாதம் நைட் ஷிப்ட் முடிந்து நாலரை மணிக்கு வந்து இறங்குகிறேன், ஏழெட்டு வௌவால்கள் அந்த மூலையையே சுற்றுகின்றன. கிட்டே வருவதும், பலகையைத் தொட்டும் தொடாமலும் விலகுவதும், திரும்ப வருவதுமாக. நன்றாக விடியும் வரை காரிலேயே இருந்தேன்.

ரெடிங் தம்பி:
கிராய்டன் அண்ணா, எல்லோரும் செய்யும் தப்பு இது. பெர்மிஷன் தேவையில்லாத வேலைக்கும் வௌவால் சட்டம் உண்டு. 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 2017-ஆம் ஆண்டு வாழிட விதிகளும் வௌவாலின் தங்குமிடத்தையே காக்கின்றன, உள்ளே வௌவால் இல்லாத மாதத்திலும். எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் அதைச் சொல்லவே அக்டோபரிலிருந்து மே வரை காத்திருந்தோம். பகல் சோதனையை எந்த மாதமும் செய்யலாம், சாயங்கால எண்ணிக்கை மே முதல் செப்டம்பர் வரைதான். அதனால் பகல் சோதனையைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். பெர்மிஷன் வந்த பிறகு சர்வே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முடிவெடுக்கும் முன்பே கவுன்சில் அதைக் கேட்கும். வௌவால் இருந்தால் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் லைசென்ஸ் தேவைப்படலாம். இன்னொன்று, அவை தங்கும் கூரையில் ஓட்டுக்கு அடியில் காற்றுப் போகும் நவீன விரிப்பைப் போடவிடாதீர்கள். அதன் நூல் பிரிந்து நகத்திலும் சிறகிலும் சிக்கி உயிர் போகும். பழைய வகைத் தார் விரிப்பு பாதுகாப்பானது. சந்தேகம் வந்தால் வௌவால்களுக்கான தொண்டு அமைப்பான பேட் கன்சர்வேஷன் டிரஸ்டுக்கு போன் போடுங்கள்.

கிராய்டன்காரன்:
சட்டம் இப்போது தெரியும் தம்பி. ஃபோமை அன்றைக்கே ஏணி போட்டுச் சுரண்டி எடுத்துவிட்டேன். மூன்று கோடையாக விடியற்காலையில் அந்த மூலையைப் பார்க்கிறேன். ஒன்றுகூட வரவில்லை.