கருப்பு ட்ரக்கும் பாலிஷ் மெஷினும்

நான் (காலை 7:12): சித்தப்பா, நம் கருப்பு ட்ரக்கின் பானெட்டை வெயிலில் படம் பிடித்து மேலே போட்டிருக்கிறேன். பல ஆண்டுகள் வெட்டவெளியிலேயே நின்றதால் கருப்பு சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள் தெரிகின்றன. இரண்டு நாளுக்கு ஒரு பாலிஷ் மெஷினை இரவல் வாங்கியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

அத்தான்: இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? தேய்த்துச் சீவும் பசையான ரப்பிங் காம்பவுண்டைத் தடவி, கம்பளி பேடை மாட்டி, முழு வேகத்தில் ஓட்டினால் மதியத்துக்குள் பானெட்டில் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பா: முகமும் தெரியும் மாப்பிள்ளை, விளிம்புகளில் பெயின்டுக்கு அடியில் உள்ள பிரைமர் பூச்சும் தெரியும். பாலிஷ் என்பது பூசுவது அன்று, சீவுவது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்கினால்தான் கீறல் மறையும். சீவுவதற்கு நம்மிடம் இருக்கும், நிறத்துக்கு மேலே பூசிய நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோ பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் அது இன்னும் மெல்லியதாக இருக்கும். மெஷின் முதலில் தின்பதும் அந்த இடங்களைத்தான்.

அக்கா: எங்கள் வெள்ளைக் காரையும் இதே கணக்காகத்தான் துடைக்கிறோம், அதில் ஒரு கீறலும் தெரிவதில்லையே?

சித்தப்பா: இருக்கிறது அம்மா, தெரியவில்லை. வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், கீறல் சிதறடிக்கும் சிறிதளவு ஒளி அதில் கரைந்துபோகிறது. கருப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், கீறலின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் கண்ணில் குத்துகிறது. வட்டமாகத் தெரிவதும் கண்ணின் மயக்கமே. கீறல்கள் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன, விளக்கைச் சுற்றிச் சரியான கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுகின்றன.
தம்பி, முதலில் ஒரு வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து மறைவான ஓர் இடத்தில் கையால் தேய்த்துப் பார். துணியில் கருப்பு இறங்கினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு.

நான் (காலை 7:50): துணி வெள்ளையாகவே இருக்கிறது, சித்தப்பா. ஆனால் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அதன் ஓரத்தில் விரலை ஓட்டினால் உரிந்த வெங்காயத் தோல்போல நகத்தில் மாட்டுகிறது.

சித்தப்பா: அங்கே மெஷினைக் கொண்டுபோகாதே. அது மங்கல் அன்று, கிளியர் கோட்டே விட்டுப்போன இடம். இல்லாத ஒன்றைப் பளபளப்பாக்க எந்தக் காம்பவுண்டாலும் முடியாது. தேய்த்தால் உரிந்த ஓரம் மேலும் விரியும். அதைச் சுற்றி நான்கு விரல் தள்ளி டேப் ஒட்டிவிட்டு, அந்தக் கூரையைப் பெயின்டரிடம் விட்டுவிடு.
மற்ற இடங்களை ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவு. இரும்புத் துகள் நீக்கியை அடித்தால் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகள்கள் ஊதா நிறத்தில் வழியும். அது காய்வதற்குள் அலசிவிடு. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பானெட்டைத் தடவிப் பார். சொரசொரப்பு இருந்தால், ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற க்ளே பார் போடாமல் மெஷினைத் தொடக்கூடாது.

நான் (காலை 10:35): தடவியபோது உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருந்தது. இப்போது கண்ணாடிபோல் வழுக்குகிறது. ஆனால் க்ளே ஒருமுறை கைதவறித் தரையில் விழுந்துவிட்டது.

சித்தப்பா: விழுந்த துண்டைக் குப்பையில் போடு. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், மெஷினுக்கு ஒரு மணி நேர வேலை கூடிவிடும்.

அத்தான்: சரி, இனியாவது கம்பளி பேடுக்கு அனுமதி உண்டா?

சித்தப்பா: கம்பளியும் ரோட்டரி மெஷினும் பழகிய கைக்கு நல்ல கருவிகள்தாம், மாப்பிள்ளை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால் ஓரிடத்தில் சற்று நின்றாலும் சூடேறிப் பெயின்ட் வெந்துவிடும். தம்பியிடம் இருப்பது டூயல் ஆக்‌ஷன். அதன் பேட் சுற்றிக்கொண்டே ஊசலாடுவதால் புதியவர் கையில் ஆபத்து குறைவு.
வண்டியை நிழலில் நிறுத்து. தகடு தொட்டால் சுடக்கூடாது. பானெட்டின் நடுவில் இரண்டடிச் சதுரத்தை டேப்பால் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான பேடிலும் பாலிஷிலும் தொடங்கு. அது போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறு.

நான் (மதியம் 12:20): மென்மையான பேடில் சாம்பல் நிறம் போய்விட்டது, கீறல்கள் பாதிக்குமேல் நிற்கின்றன. மைக்ரோஃபைபர் பேடில் காம்பவுண்ட் போட்டதும் அவையும் போய்விட்டன. ஆனால் கருப்பின்மேல் மெல்லிய புகை படிந்ததுபோல் தெரிகிறது.

சித்தப்பா: அது காம்பவுண்ட் விட்டுச்சென்ற நுண்கீறல். மென்மையான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் அதை எடுத்துவிடும். கருப்பு வண்டிக்கு இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்க்கவே முடியாது.

நான் (மாலை 4:05): பானெட் முடிந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில்தான் சிக்கல். எவ்வளவு அழுத்தினாலும் கீறல் அசையவில்லை.

சித்தப்பா: அழுத்துவதுதான் சிக்கலே. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பார். கோடு சுற்றவில்லை என்றால் பேட் வெறுமனே அதிர்கிறது, சீவவில்லை.

நான் (மாலை 4:20): கோடு அப்படியே நிற்கிறது! கதவின் வளைவில் பேட் சாய்ந்திருக்கிறது. தட்டையாகப் பிடித்து, கையின் எடையைக் குறைத்ததும் சுற்றத் தொடங்கிவிட்டது. பேடும் காம்பவுண்ட் காய்ந்து ரொட்டிபோல் இறுகியிருந்தது.

சித்தப்பா: ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைத் தட்டிச் சுத்தம் செய். காம்பவுண்ட் நான்கு பட்டாணி அளவு போதும். மெஷினை நத்தைபோல் நகர்த்து, ஒரு வரிசை அடுத்த வரிசையில் பாதியை மூடட்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது. அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்.
முடித்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி நம்மை ஏமாற்றும்.

நான் (மாலை 6:40): துடைத்ததும் கைப்பிடிக்குக் கீழே ஒரு நீளக் கோடு திரும்பி வந்துவிட்டது. நகம் அதில் மாட்டுகிறது.

அத்தான்: இன்னும் நான்கு சுற்று ஓட்டினால் போய்விடாதா?

சித்தப்பா: கோடு போகும், கூடவே கிளியர் கோட்டும் போகும். நகம் மாட்டும் கீறலைத் துரத்தக்கூடாது, மாப்பிள்ளை. அதன் ஓரங்கள் மழுங்கிவிட்டாலே பத்தடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

நான் (மறுநாள் மாலை 5:30): வலப்பக்கம் முழுவதும் முடிந்துவிட்டது. பின்கதவில் பாதியை மட்டும் முடித்து டேப்பை உரித்தபோது எடுத்த படத்தைப் போட்டிருக்கிறேன்: ஒருபுறம் பழைய சிலேட்டுப் பலகை, மறுபுறம் நம் முருங்கை மரம் இலை இலையாகத் தெரிகிறது.

அக்கா: இரண்டும் ஒரே வண்டி என்று நம்ப முடியவில்லை, தம்பி! இனித் தினமும் காலையில் துணியால் துடைத்துவிடு.

சித்தப்பா: ஐயோ, அந்த உலர்ந்த துணிதான் இத்தனை கீறலையும் போட்டது அம்மா! தூசியைத் தண்ணீரால் இறக்கிய பிறகுதான் துணி வண்டியைத் தொட வேண்டும். தம்பி, மீதியையும் முடித்ததும், பளபளப்பைக் காக்கும் மேல்பூச்சான சீலன்ட் போட்டு இரவு முழுவதும் மூடிய இடத்தில் வை; மழை, பனி படக்கூடாது.

நான்: சரி சித்தப்பா. கூரைத் திட்டைச் சுற்றிய டேப்பை இப்போது எடுத்துவிடலாமா?

சித்தப்பா: சீலன்ட் போட்டு முடிக்கும்வரை இருக்கட்டும். அங்கே சீலன்ட் பட்டால் பெயின்டர் என்னைத்தான் திட்டுவார்.