இரும்புத் தொப்பியில் செய்த பாத்திரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், குண்டுவீச்சில் இடிந்த நகரங்களையே களமாக வைத்து ஜெர்மனியில் எடுத்த படங்களை 'இடிபாட்டுப் படங்கள்' என்பார்கள். அவற்றில் நான் பார்த்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

பெர்லினில் படித்த காலத்தில் தினமும் ஃப்ரீட்ரிஷ் வீதியில் அட்மிரல்ஸ்பலாஸ்ட் அரங்கைக் கடந்துதான் போவேன். 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்' 1946 அக்டோபர் 15 அன்று அங்கேதான் முதன்முதலாகத் திரையிடப்பட்டது என்று பிறகு தெரிந்ததும், அன்றிரவே தேடிப் பார்த்தேன். போர் முடிந்தபின் ஜெர்மானியர்கள் எடுத்த முதல் கதைப்படம் அது. இயக்கியவர் வோல்ஃப்காங் ஷ்டாவுட்டே.

வதைமுகாமிலிருந்து சுசானே வீடு திரும்புகிறாள். அங்கே மெர்ட்டென்ஸ் என்ற மருத்துவர் குடித்துக் கிடக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, எக்ஸ்ரே படங்களை ஒட்டியிருக்கிறார்கள். பகல் வெளிச்சமே யாரோ ஒருவரின் எலும்புக்கூட்டைக் கடந்துதான் அந்த அறைக்குள் வருகிறது!

ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் ப்ரூக்னர். 1942 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போலந்துக் கிராமம் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுடச் சொன்ன ராணுவ அதிகாரி; மெர்ட்டென்ஸ் அப்போது அவன் கீழ் பணியாற்றியவர். இப்போது படைவீரர்களின் இரும்புத் தொப்பிகளைச் சமையல் பாத்திரங்களாக்கி விற்கும் முதலாளி. அவனை அரக்கனாகக் காட்டவில்லை. அன்பான குடும்பஸ்தன், நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். மறுகட்டுமானம் என்று நாம் பாராட்டுவதன் உள்ளே இப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்தபின் படத்தைத் தொடர்ந்து பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முதலில் எழுதிய கதையில் மெர்ட்டென்ஸ் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுவார். படத்துக்கு அனுமதி தர வேண்டியிருந்த சோவியத் அதிகாரிகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் படத்தில் பழிவாங்கல் இல்லை, நியாயம் கேட்பதோடு முடிகிறது. எனக்கு இந்த முடிவுதான் சரி என்று படுகிறது. ஷ்டாவுட்டேயும் நாஜிகளின் யூத வெறுப்புப் படமான 'யூத் சூஸ்'-இல் சிறு வேடத்தில் நடித்தவர். தன்னையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டாரோ என்று தோன்றுகிறது.

ஒரு குறை மட்டும் மனதை உறுத்துகிறது. முகாமில் பட்டதைச் சுசானே வாய்திறந்து சொல்வதே இல்லை. அவள் முகத்திலும் அந்தச் சுவடு தெரியவில்லை. படம் மெர்ட்டென்ஸின் வேதனையைத்தான் கேட்கிறது, அவள் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. நீங்கள் பார்த்தால், ப்ரூக்னரை விட்டுவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.