வீட்ல ஏற்கனவே ஒரு நாய் இருக்கு, இப்போ குட்டி வரப்போகுது, என்னென்ன ரெடி பண்ணணும்?

செம்பியம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல செம்பின்னு ஒரு பொண்ணு இருக்கா, 6 வயசு, கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு, மனுசங்க யார் வந்தாலும் குழைவா. மத்த நாய்ங்களோட பெருசா பழக்கம் இல்ல, வாக்கிங்ல எதிர்ல ஏதாவது வந்தா மோந்து பாத்துட்டு தள்ளிப் போயிடுவா, ஆனா சாப்பிடும்போது கிட்ட வேற நாய் வந்தா உறுமுவா. இப்போ தெரிஞ்சவங்க வீட்ல குட்டி போட்டிருக்கு, அதுல ஒரு ஆண் குட்டிய நாங்க எடுத்துக்கறதா சொல்லிட்டோம். குட்டிக்கு இப்போ 5 வாரம்தான் ஆகுது, அவங்க இப்பவே வேணாலும் தூக்கிட்டுப் போங்கன்றாங்க, சின்னதா இருக்கும்போதே வந்தாதான் ஒட்டிக்கும்னு எங்க வீட்லயும் சொல்றாங்க. எனக்கு செம்பிய நெனச்சாதான் கவலை, இத்தன வருசமா வீடே அவளோடது, திடீர்னு ஒரு குட்டிய கொண்டு வந்து விட்டா ஏங்கிப் போயிடுவாளோ, இல்ல கடிச்சு வச்சிடுவாளோன்னு ரெண்டு பக்கமும் யோசனையா இருக்கு. முதல் தடவ எப்படி காட்டுறது, சாப்பாடு படுக்கை எல்லாம் எப்படின்னு ரெண்டு நாய் வச்சிருக்கவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

காட்டுமல்லி:
முதல்ல ஒண்ணு, 5 வாரத்துல எடுக்காதீங்க. 8 வாரமாவது அம்மாகிட்டயும் கூடப்பொறந்த குட்டிங்ககிட்டயும் இருக்கட்டும். எவ்ளோ அழுத்தி கடிச்சா வலிக்கும், பெரிய நாய் முறைச்சா எப்போ அடங்கணும்ங்கறத எல்லாம் குட்டி அங்கதான் கத்துக்குது, அத நம்மளால அந்த அளவுக்கு சொல்லிக் குடுக்கறது கஷ்டம். அம்மாகிட்ட நாலு தடவ திட்டு வாங்கிட்டு வர்ற குட்டிக்கு செம்பி உறுமினா அர்த்தம் புரியும், 5 வாரத்துல வந்த குட்டி அது பாட்டுக்கு போய் மறுபடி மறுபடி மேல ஏறும், அப்போதான் பிரச்சனை ஆகுது.

காத்திருக்கற இந்த 3 வாரத்த அப்படியே செம்பிக்காக செலவு பண்ணுங்க. எல்லாரும் குட்டிக்கு பெட் வாங்கறது, பேரு வைக்கிறதுன்னு ஓடுவாங்க, என்னக் கேட்டா தயார் பண்ண வேண்டியது பெரிய நாயத்தான். வீட்ல என்னென்ன மாறப்போகுதோ அதையெல்லாம் குட்டி வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. பேபி கேட் (ரூம் வாசல்ல குறுக்க போடற சின்னத் தடுப்புக் கதவு) போடப் போறீங்களா, இன்னைக்கே போடுங்க, கிண்ணத்த வேற ரூமுக்கு மாத்தணுமா, இப்பவே மாத்துங்க, கட்டில்ல படுக்க விடப் போறதில்லன்னா அதையும் இப்பவே பழக்குங்க. குட்டி வந்த அன்னைக்கு எல்லாம் ஒண்ணா மாறினா "இவன் வந்தான், என் இடம் போச்சு"ன்னுதான் அவளுக்குப் பதியும்.

குட்டியால வரவே முடியாத ஒரு இடம் செம்பிக்குன்னு கண்டிப்பா இருக்கணும். கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ரூம், இல்ல அவளால தாவி ஏற முடியும், குட்டியால முடியாது, அந்த மாதிரி உயரமா ஒரு படுக்கை. வேணாம்னா எழுந்து போயிடலாம்னு அவளுக்குத் தெரிஞ்சாலே பாதி சண்டை வராது.

அப்புறம் வாசனை. குட்டி படுக்கற துணி ஒண்ண அங்கருந்து வாங்கிட்டு வந்து வீட்ல ஒரு ஓரமாப் போடுங்க, அவ முகத்துல கொண்டு போய் காட்ட வேணாம், அவளா வந்து மோந்து பாக்கட்டும், பாக்கும்போது பிடிச்ச தீனி ஒண்ணு குடுங்க. அதே மாதிரி செம்பி துணி ஒண்ண குட்டிக்கும் அனுப்புங்க.

கிளினிக்_ரேவ்:
ஒரு கால்நடை கிளினிக்ல உதவியாளரா இருக்கேன், உடம்பு சம்பந்தமா மட்டும் சொல்றேன். செம்பியோட தடுப்பூசி எல்லாம் தேதி தாண்டாம இருக்கான்னு புக்க எடுத்துப் பாருங்க, பெரும்பாலான வீட்ல குட்டிக்கு மட்டும்தான் யோசிக்கறாங்க. குட்டிக்கு 6லருந்து 8 வாரத்துக்குள்ள முதல் ஊசி, அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒண்ணு, 16 வாரம் முடியற வரைக்கும் போகும். நடுவுல ரேபிஸும் வரும். ஏன் இத்தன ஊசின்னா, அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்கற வரைக்கும் ஊசி சரியா பிடிக்காது, அது எந்த வாரம் குறையும்னு குட்டிக்கு குட்டி வேற, அதனாலதான் விட்டு விட்டுப் போடறோம். ஒரு ஊசி போட்டாச்சுன்னு தெருவுல இறக்கி விட்டுடாதீங்க. பார்வோன்னு ஒரு வைரஸ், குட்டிங்களுக்கு வாந்தி, ரத்தபேதி வர வச்சு உயிரையே எடுக்கும், அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், சாதாரணமா தரை துடைக்கற லிக்விடுக்கெல்லாம் சாகாது. ப்ளீச் 1 பங்குக்கு தண்ணி 30 பங்கு கலந்து, 10 நிமிசம் ஊற விட்டு கழுவணும், அதுவும் தரைக்குத்தான், மண்ணுக்கு வேலை செய்யாது. உங்க வீட்ல இல்ல பக்கத்துல கடைசி ஒரு வருசத்துல ஏதாவது நாய்க்கு பார்வோ வந்திருந்தா கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

பூச்சி மருந்து குட்டிக்குக் குடுக்கும்போது செம்பிக்கும் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, குட்டிங்களுக்கு அம்மா பால் வழியாவே உருண்டைப்புழு வரும், வீட்டுக்குள்ளயே கக்கா போற வயசு வேற. உண்ணி மாத்திரைய செம்பியோடத பாதியா உடைச்சு குட்டிக்குக் குடுக்கற வேலை வேண்டவே வேணாம், அதுக்கெல்லாம் குறைஞ்ச வயசு, எடைன்னு கணக்கு இருக்கு. செம்பிக்கு வலி மாத்திரை எதாவது இருந்தா பூட்டி வைங்க, மென்னு சாப்பிடற வகை மாத்திரை கறி வாசனையோட இருக்கும், குட்டி கைக்கு கிடைச்சா அட்டையோட தின்னுடும்.

இன்னொண்ணு முக்கியம், குட்டி வர்றதுக்குள்ள செம்பிய ஒரு தடவ முழுசா செக்கப் பண்ணுங்க. 6 வயசுல மூட்டு, பல்லு, காது எதுல வேணா வலி இருக்கலாம், வெளிய காட்டிக்காது. வலி இருக்கற நாய் மேல குட்டி போய் விழுந்தா எவ்ளோ சாதுவான நாயும் வெடுக்குன்னு கடிக்கும். அத பொறாமைன்னு நாம தப்பா எடுத்துக்குவோம்.

மலைக்காத்து:
எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா இவ்ளோ பயப்படணுமா? எங்க வீட்ல நேரா கொண்டு வந்து விட்டோம், ரெண்டு நாள் முறைச்சுது, அப்புறம் ஒண்ணா படுத்துக்குச்சு. உறுமினா மட்டும் ஒரு அதட்டல் போடுங்க, அடங்கிடும்.

காட்டுமல்லி:
உங்க வீட்ல நல்லபடியா ஒட்டிக்கிட்டது சந்தோசம். ஆனா அந்த அதட்டல் விசயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் மலைக்காத்து. உறுமல்ங்கறது "தள்ளிப்போ"ன்னு நாய் சொல்ற வார்த்தை. அத திட்டி அடக்கினா நாய் உறுமறத நிறுத்திடும், எரிச்சல் அப்படியே உள்ள இருக்கும், அடுத்த தடவ எச்சரிக்கையே இல்லாம நேரா பல்லுதான் வரும். செம்பி உறுமினா அவள திட்டாம குட்டிய தூக்கிடுங்க. நாம உறுமினா கேக்கறாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு மேல போக அவளுக்கு அவசியமே வராது.

உறுமறதுக்கு முன்னாடியே உடம்பு சொல்லும், அதப் பாக்கப் பழகுங்க. வாய மூடி விரைப்பா நின்னு உத்துப் பாக்கறது, தலைய திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரிய ஓரமா பாக்கறது, சும்மாவே உதட்ட நக்கறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடறது, இதெல்லாம் அவளுக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். முன்னங்கால நீட்டி குனிஞ்சு பின்பக்கத்த தூக்கிட்டு நின்னா விளையாடக் கூப்பிடறா, உடம்பு தளதளன்னு வளைஞ்சு வந்தா நிம்மதியா இருக்கா. வால ஆட்டறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, உடம்பு விரைப்பா இருந்து வால் மட்டும் ஆடினா அது நட்பு இல்ல.

முதல் சந்திப்பு வீட்டுக்குள்ள வேணாம், வாசலுக்கு வெளிய, அவ தன்னோடதுன்னு நினைக்காத இடமா இருக்கட்டும். ரேவ் சொன்ன மாதிரி ஊசி முடியாத குட்டிய கண்ட நாய் வந்து போற இடத்துல இறக்கக் கூடாது, அதனால தெரிஞ்சவங்க வீட்டு சுத்துச்சுவருக்குள்ள, வேற நாய் வராத இடமாப் பாருங்க. ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் செம்பிய லீஷ்ல தளர்வா பிடிச்சுக்கணும், இழுத்து இறுக்கிப் பிடிச்சா அந்தப் பதட்டம் நேரா அவளுக்குப் போயிடும். முதல்ல தூரமா ஒரே திசையில நடங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வாங்க, ரெண்டு மூணு நொடி மோந்து பாத்ததும் கூப்பிட்டு தீனி குடுத்துத் தள்ளிப் போயிடுங்க. மறுபடி. நல்லா இருக்கும்போதே நிறுத்துங்க. குட்டிய கையில தூக்கி அவ மூக்குகிட்ட நீட்டறது வேண்டவே வேணாம், குட்டிக்கும் ஓட வழி இல்ல, அவளும் உங்க மேல தாவுவா. வீட்டுக்குள்ள செம்பி முதல்ல போகட்டும், குட்டி பின்னாடி வரட்டும். அதுக்கு முன்னாடி தரையில கிடக்கற எலும்பு, பொம்மை, பாதி கடிச்ச கட்டை எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிடுங்க.

செம்பியம்மா:
இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்லங்க, ரொம்ப நன்றி. அவங்ககிட்ட பேசிட்டேன், 8 வாரம் வரைக்கும் வச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்க. செக்கப்புக்கும் நேரம் வாங்கிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. சாப்பாட்டுல அவ உறுமறதுக்கு என்ன பண்ணலாம்? ரெண்டையும் தனியா வீட்ல விட்டுட்டு வெளிய போறது எப்போலருந்து சரி?

பனைநிழல்:
ரெண்டு நாய் வச்சிருக்கேன், இந்த ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

சாப்பாடு தனித்தனி ரூம்ல, நடுவுல கதவு சாத்தி. இது தற்காலிகம்னு நினைக்காதீங்க, கடைசி வரைக்கும் அப்படியே வச்சுக்கிட்டாலும் ஒண்ணும் தப்பில்ல. குட்டிக்கு ஒரு நாளைக்கு 3, 4 வேளை, செம்பிக்கு ரெண்டு வேளைன்னு நேரமே வேறயா இருக்கும், சாப்பிட்டு முடிச்சதும் கிண்ணத்த உடனே எடுத்துடுங்க, காலிக் கிண்ணத்துக்கும் சண்டை வரும். பப்பி ஃபுட்ல கொழுப்பு அதிகம், செம்பி அத திருடித் தின்னா எடை ஏறிடும். குட்டி பெரிய ஜாதின்னா அதுக்கு கால்சியம் அளவா இருக்கற பெரிய ஜாதி குட்டிங்களுக்கான தீனியா பாருங்க, கால்சியம் கூடினா எலும்பு வளர்ச்சியே கெட்டுப் போகும். தண்ணி மட்டும் ரெண்டு மூணு இடத்துல வைங்க.

தனியா விடறது இப்போதைக்கு இல்லவே இல்ல, நீங்க குளிக்கப் போற நேரம்கூட நடுவுல கேட் இருக்கணும். குட்டி கிரேட்லயோ (நாய்க்கூண்டு) அடைப்புக்குள்ளயோ, செம்பி வெளிய. குட்டிங்க ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் கிட்ட தூங்கும், அதனால பாவமேன்னு நினைக்க வேணாம், அதுக்கும் ஓய்வு வேணும், தூக்கம் பத்தாத குட்டிதான் வெறி பிடிச்ச மாதிரி ஓடி பெரிய நாயோட காத கடிக்கும். ராத்திரி கிரேட்ட உங்க கட்டில் பக்கத்துல வைங்க, ரெண்டு மாசக் குட்டியால 3 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்க அடக்க முடியாது, எழுந்து வெளிய விட வேண்டியிருக்கும்.

எத்தன மாசத்துல ஒண்ணா விடலாம்னு தேதி சொல்ல முடியாது. குட்டி நல்லா வளர்ந்து, செம்பி உறுமினதும் அது தானா விலகிப் போறத நீங்க பல வாரம் தொடர்ந்து பாத்தப்புறம், முதல்ல அஞ்சு நிமிசம், கேமரா வச்சு. இதுல ஒரு விசயம் நிறைய பேருக்குத் தெரியாது, சின்னக் குட்டி என்ன பண்ணாலும் பெரிய நாய்ங்க நிறைய பொறுத்துக்கும், 5, 6 மாசம் ஆனப்புறம் அந்தப் பொறுமை குறையும், அதே சமயம் பையனுக்கும் வயசு வர்ற நேரம். இத்தன நாள் ஒழுங்கா இருந்துச்சே இப்போ என்ன ஆச்சுன்னு அப்போ பயந்துடாதீங்க, கேட்ட திரும்ப எடுத்துப் போட்டு மறுபடி கொஞ்ச நாள் கண்காணிங்க. ரத்தம் வர்ற மாதிரி கடி நடந்தா மட்டும் தாமதிக்காம டாக்டர்கிட்ட காட்டி, நாய்ப் பயிற்சியாளர் யாரையாவது நேர்ல வரச் சொல்லுங்க.

செம்பியோட தனி வாக்கிங்க மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திடாதீங்க. குட்டி வந்த முதல் வாரம் வேலை தலைக்கு மேல இருக்கும், அப்போதான் அது விட்டுப் போகும். வீட்ல இன்னொருத்தர குட்டிகிட்ட உக்கார வச்சுட்டு நீங்க அவளோட கிளம்பிடுங்க.