கிராஃபிக்ஸ் கார்டில் மெமரியை மட்டும் மாற்ற ஏன் வழியில்லை?

பழையபலகை:
என் கார்டின் சிப் இன்னும் நன்றாக ஓடுகிறது. 8 ஜிபி மெமரிதான் போதவில்லை. டெக்ஸ்சர் தரத்தைக் கூட்டினால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. இதற்காக முழுக் கார்டையும் தூக்கிப் போட வேண்டுமா? 1995-இல் வந்த மேட்ராக்ஸ் மில்லேனியம் கார்டில் தனி மெமரிப் பலகை செருகி 8 எம்பி வரை ஏற்றலாம். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

மின்தடம்:
வேகம்தான் காரணம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டில் மெமரியின் ஒவ்வொரு டேட்டா பின்னிலும் நொடிக்கு 18 கிகாபிட் போகிறது. மதர்போர்டில் செருகும் டிடிஆர்5-6000 ரேமில் அது 6தான். 18-இல் ஓடும்போது தடம் கொஞ்சம் நீண்டாலோ, நடுவே ஒரு சாக்கெட் வந்தாலோ சிக்னல் கெட்டுவிடும். அதனால்தான் மெமரியை, கார்டின் முக்கியச் சிப்பான ஜிபியுவை ஒட்டியே சாலிடர் செய்கிறார்கள். சாக்கெட் வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்புறம் 16 ஜிபி இருந்தும் கார்டு நொண்டும்.

பழையபலகை:
சரி, சாக்கெட்டை விடுகிறேன். விலையைப் பாருங்கள். அதே 4060 டிஐ 2023-இல் 8 ஜிபி 399 டாலர், 16 ஜிபி 499 டாலர். சிப் ஒன்றே, மெமரிக்குப் போகும் 128 பிட் பாதையும் ஒன்றே. கூடுதலாக வந்தது பலகையின் பின்பக்கம் நான்கு மெமரி சிப்புகள். பழைய 2080 டிஐ கார்டில் 11 மெமரி சிப்புகளையும் கழற்றி, இரு மடங்கு கொள்ளளவுள்ளவற்றை வைத்து 22 ஜிபி ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். ஜிபியு ஏற்றுக்கொள்கிறது. விற்பவர்களுக்குத்தான் மனமில்லை.

சூடுகாற்று:
நான் பழுது பார்ப்பவன். மெமரி சிப் மாற்றியிருக்கிறேன், ஒரு கார்டைக் கொன்றும் இருக்கிறேன். சூடு கொஞ்சம் கூடினால் பலகை வளைந்துவிடும், சிப்பின் அடியில் ஒரு சாலிடர் உருண்டை ஒட்டாவிட்டால் திரையில் கோடு கோடாக வரும். எல்லாம் சரியாக ஒட்டினாலும் கார்டை இயக்கிவைக்கும் உள்மென்பொருளான பயோஸ் அந்த மெமரியை அடையாளம் காண வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இல்லை இது.

மின்தடம்:
அதனால்தான் சொல்கிறேன், பிரிக்க வேண்டிய இடம் மெமரி அல்ல, முழு கிராஃபிக்ஸ் பலகை. மேசைக் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது. லேப்டாப்பில் ஃபிரேம்வொர்க் 16-ஐப் பாருங்கள். 2024-இல் ரேடியான் 7700எஸ் கிராஃபிக்ஸ் மாட்யூலோடு வந்த அதே உடலில், 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலைப் பொருத்தலாம்.

பழையபலகை:
2004-இல் லேப்டாப்பில் மாற்றக்கூடிய கிராஃபிக்ஸ் கார்டுக்கான எம்எக்ஸ்எம் வடிவம் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். கார்டின் வடிவம் பொது, ஆனால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கும் பயோஸும் லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு. வாங்கிய கார்டு பொருந்துமா என்பதே சந்தேகம்.

மின்தடம்:
அந்தப் பிழையை ஃபிரேம்வொர்க்கில் திருத்தியிருக்கிறார்கள். ஹீட்சிங்கும் விசிறியும் மாட்யூலோடே வருகின்றன.

பழையபலகை:
அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் அவற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறேன். எனக்குக் குறைவது 8 ஜிபி மட்டும்தானே!

சூடுகாற்று:
சர்க்யூட் வரைபடத்தையும், பெரிய மெமரியை ஏற்கும் பயோஸையும் வெளியிட்டால் போதும். சாக்கெட் இல்லாமலே உங்கள் கார்டில் அந்த 8 ஜிபியை ஏற்றித் தர என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். இன்று பாதி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.