நெல் வயல், இறால் குட்டை, உப்பளம்: செயற்கைக்கோள் படத்தில் எப்படிப் பிரிப்பது?

கடைமடை வாசி:

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் தலைஞாயிறு பக்கம் எங்கள் ஊர். சம்பா ஒரு போகம், அதன் பின் உளுந்து, அதோடு சரி. அடப்பாற்றை ஒட்டி இறால் குட்டைகள் பெருகிக்கொண்டே போகின்றன என்கிறோம். மனுக் கொடுத்தால், "எல்லாம் பழைய குட்டைகள்தான்" என்று பதில் வருகிறது. எந்தக் குட்டை எந்த ஆண்டு வெட்டியது என்று வரைபடம் போட்டால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்று சங்கத்தில் முடிவு செய்து, கணினி வைத்திருக்கிற ஒரே தகுதிக்காக வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நவம்பர் மழை ஓய்ந்து மேகம் விலகிய ஒரு நாளின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீர்க் குறியீடு (தண்ணீர் இருக்கும் இடத்தைப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டேன். வயல், குட்டை, உப்பளம், கோயில் குளம் எல்லாம் ஒரே நீலம். எந்தக் குறியீட்டைப் போட்டால் பிரியும்? இப்படிச் செய்யும் வரைபடத்தை அலுவலகத்தில் மதிப்பார்களா?

வரப்போரம்:

நவம்பரில் டெல்டாவில் எதுதான் தண்ணீராக இல்லை? ஒரே நாள் படத்தை வைத்துக்கொண்டு வயலையும் குட்டையையும் பிரித்துக் காட்டும் குறியீடு எதுவும் கிடையாது. அந்த நிலம் ஆண்டு முழுவதும் என்ன செய்கிறது என்று பாருங்கள். பயிர்க் காலண்டர் உங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே, அதைவிடப் பெரிய மென்பொருள் இல்லை.

உளுந்து எடுத்த பிறகு ஏப்ரல், மே மாதங்களில் வயல் காய்ந்து கிடக்கும். அப்போதும் கட்டம் கட்டமாகத் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் நெல் கழிந்துவிடும். உப்பளப் பாத்திகள் அந்த மாதங்களில் வெள்ளை பூத்திருக்கும். மழைக்காலத்தில் பாத்தி தெரியாமல் ஒரே ஏரியாகிவிடும். ஆனால் உப்பளத்தில் கடல் தண்ணீரைத் தேக்கும் பெரிய பாத்திகள் கோடையிலும் குட்டையைப் போலவே தெரியும். அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு சென்டினல்-1 ரேடார் படம் எடுங்கள். மேகம் அதற்கு ஒரு பொருட்டல்ல. அமைதியான தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் கருப்பாகத் தெரியும். நடவு நட்ட வயலும் முதலில் கருப்புதான். தூர் கட்டக் கட்ட வெளுத்துக்கொண்டே வரும். குட்டை கருப்பாகவே இருந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படத்தை வைத்து நெல் பரப்பைக் கணக்கிட்டதும் பயிரின் இந்தக் குணத்தை நம்பித்தான். ஒரு எச்சரிக்கை: காற்று அடித்தாலும் ஏரேட்டர் (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓடினாலும் குட்டையில் அலை எழும்பி, தண்ணீர் வெளுத்துத் தெரியும். ஒரு தேதியை நம்பாமல், ஒரு பருவத்தின் படங்களைச் சேர்த்து இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள்.

சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் குட்டைக்கு 40 கட்டம் கிடைக்கும். ஒரு மா நிலத்துக்கு 13. குட்டைக் கரையின் அகலம் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் பக்கத்துப் பக்கத்துக் குட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். எண்ணிக்கை தப்பாகும்.

செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் அலசுவதுதான் என் தொழில், இந்த இடத்தில் அதற்கே விரோதமாக ஒன்று சொல்கிறேன். ஒரு மாநிலத்துக்கு என்றால் கணினியிடம் விடலாம். உங்கள் ஊரைச் சுற்றிய நாலைந்து வருவாய்க் கிராமங்களுக்குக் கையால் வரைவதே மேல். கூகுள் எர்த்தில் குட்டைகளின் எல்லையை ஒவ்வொன்றாக வரையுங்கள். அதன் பிறகு சென்டினலைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எல்லைக்குள் எந்த மாதம் தண்ணீர் இருந்தது? நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் சென்டினல் படங்களைக் காட்டும் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் தேதி தேதியாகப் புரட்டிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

சென்டினல்-2 வானில் ஏறியது 2015இல். அதற்கு முந்தைய காலத்துக்கு லேண்ட்சாட் 5 என்ற பழைய செயற்கைக்கோளின் படங்கள் இருக்கின்றன, 1984 முதல். அதன் ஒரு கட்டம் 30 மீட்டர், 22 சென்ட். ஒரு ஏக்கர் குட்டைக்கு நாலு கட்டம்கூட முழுதாகத் தேறாது, ஆனாலும் பத்து ஏக்கர் பண்ணை தப்பாது. லேண்ட்சாட் 7 படங்களில் 2003 மே மாதத்துக்குப் பிறகு கோடு கோடாக விடுபட்டிருக்கும், பயந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அடுத்த வாரங்களின் படத்தை மட்டும் எதற்கும் அடிப்படையாக வைக்காதீர்கள்.

உப்புக்காற்று:

நான் இறால் வளர்ப்பவன், அதே வட்டம்தான். சண்டைக்கு வரவில்லை. வரப்போரம் ஐயா சொன்ன மே மாதக் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

குஞ்சு விட்டதிலிருந்து பிடிப்பு வரை நூறு, நூற்றிருபது நாள். பிடித்த பிறகு குட்டையை வடித்து, தரை வெடிக்கும் வரை காயப்போட்டு, சுண்ணாம்பு போடுவோம். உங்கள் படம் அந்த வாரத்தில் விழுந்தால் என் குட்டை தரிசு நிலமாகத் தெரியும். வெண்புள்ளி நோய் வந்தாலோ விலை படுத்தாலோ ஓர் ஆண்டு முழுக்கச் சும்மா போடுகிறவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: கைவிட்ட குட்டையில் மழைத் தண்ணீர் நின்றால் உங்கள் வரைபடத்தில் அதுவும் ஓடுகிற பண்ணை ஆகிவிடும். டைகர் இறால் காலத்தில் வெட்டி, நோய் வந்து விட்டுப்போன குட்டைகளை 2009இல் வனாமி என்ற வேறு இறால் இனம் வந்த பிறகு திரும்பவும் எடுத்து ஓட்டினார்கள். அது புதுக் குட்டையா, பழைய குட்டையா? மனுவுக்கு வந்த பதில் முழுப் பொய்யாக இருக்காது.

இன்னொன்று. சுனாமியிலும் கஜாவிலும் கடல் ஏறிய நிலங்கள் இருக்கின்றன. உப்பு முதலில் வந்ததா குட்டை முதலில் வந்ததா என்பதையும் அந்த வரைபடத்தில் காட்டுங்கள். காட்டினால் நானே வந்து என் குட்டை எது என்று கை வைத்துச் சொல்கிறேன்.

வரப்போரம்:

உப்புக்காற்று சொல்வது சரி. வெட்டிய ஆண்டு ஒரு பத்தி, ஓடிய ஆண்டுகள் ஒரு பத்தி, சும்மா கிடந்த ஆண்டுகள் ஒரு பத்தி என்று அட்டவணையில் பிரித்து வையுங்கள். கரை எழும்பிய ஆண்டுதான் வெட்டிய ஆண்டு, தண்ணீர் அல்ல. கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஓடும் பண்ணைக்கு ஏரேட்டர் நுரை வெள்ளைக் கீற்றாகத் தெரிவதுண்டு.

கடைமடை வாசி:

இருவருக்கும் நன்றி. உப்புக்காற்று அண்ணன் சொன்னதைச் சங்கத்தில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் அந்த மூன்று பத்திகளையும் போடுகிறேன். வயலில் உப்பு ஏறியதைப் படத்திலேயே காட்ட முடியுமா?

சங்கிலிக்கல்:

முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிர் வெளிறியதைப் படம் காட்டும். உப்பா, தண்ணீர்ப் பற்றாக்குறையா, பூச்சியா என்று சொல்லாது. உப்பின் அளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டரால் வடிகாலையும் குழாய்க் கிணற்றையும் மாதந்தோறும் ஒரே இடங்களில் அளந்து எழுதுங்கள். மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் (அதன் அலகு) தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் அலுவலகக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வண்ணப் படத்தை மட்டும் கொண்டுபோனால் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். சர்வே எண் வேண்டும். ஒவ்வொரு குட்டைக்கும் உட்பிரிவு வரை சர்வே எண் எழுதி, அந்தந்தப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், என்ன பயிர் காட்டியிருக்கிறது என்று பக்கத்தில் வையுங்கள். படத்தில் குட்டை, அடங்கலில் நெல் என்று வந்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவு வரைபடம்) செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏற்றும்போது சில மீட்டர் விலகும். ஆகவே "இத்தனை அடி ஆக்கிரமிப்பு" என்று படத்தை வைத்து எழுதாதீர்கள். அடிக் கணக்குக்குச் சங்கிலியும் கல்லும்தான்.

சட்டப் பக்கம்: சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. அதன் பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 2 கிலோமீட்டருக்குள் பண்ணை வைக்கப் பதிவு வேண்டும். அந்தக் கோடு கடலுக்கு மட்டுமல்ல, ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் உண்டு, அடப்பாற்றை விட்டுவிடாதீர்கள். பதிவு பெற்ற சர்வே எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, உங்கள் அட்டவணையில் நான்காவது பத்தியாகச் சேருங்கள்.

பொதுவில் வெளியிடும் படியில் பட்டாதாரர் பெயரைப் போட வேண்டாம், சர்வே எண் போதும்.

உப்புக்காற்று:

என் பதிவுச் சான்றின் நகல் இருக்கிறது, அனுப்புகிறேன். பங்குனிக்குள் வந்தால் குட்டை காய்ந்து கிடக்கும், கரை மேல் நடந்தே அளக்கலாம். மீட்டரையும் கொண்டுவாருங்கள், என் வடிகால் தண்ணீரையும் பார்த்துவிடலாம்.