ராவேல் பியானோ ட்ரையோ: முதல் மூவ்மெண்ட்ல தாளம் எப்படி எண்றது?

கேள்வி:
பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் 1914ல எழுதின பியானோ ட்ரையோவ (பியானோ, வயலின், செல்லோ மூணும் சேர்ந்து வாசிக்கறது) ஒரு வாரமா கேட்டுட்டே இருக்கேன், முதல் மூவ்மெண்ட்ல, அதாவது முதல் பகுதில, எட்டு எண்ணிக்கைதான் ஆனா நாலு நாலா பிரிச்சா உக்கார மாட்டேங்குது, ஏன்?

பதில் 1:
3+2+3ன்னு எண்ணுங்க. பாஸ்க் (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதி இனம்) நடனச் சாயல் அது, ராவேலோட அம்மா பாஸ்க் இனம்தான்.

பதில் 2:
மூணாவது மூவ்மெண்ட விட்டுடாதீங்க! பியானோ அடிக்குரல்ல தனியா ஆரம்பிக்கும், அப்புறம் செல்லோ, அப்புறம் வயலின், உச்சத்துக்குப் போய் அப்படியே இறங்கி கடைசில மறுபடி பியானோ மட்டும். முதல் உலக யுத்தம் வந்துடுச்சு, ராணுவத்துல சேரணும்னு ராவேல் அவசர அவசரமா முடிச்ச ட்ரையோ இது, ஆனா இந்தப் பகுதில அந்த அவசரம் துளிகூட தெரியாது, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சுக்கும்.

கேள்வி கேட்டவர்:
3+2+3 போட்டுப் பாத்தேன், உக்காந்துடுச்சு! நன்றிங்க.