மச்சானுக்கு வயிற்றில் அடி, ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை

பாம்பன்கரை: மச்சானுக்கு வயிற்றில் அடி. ஸ்கேன் பார்த்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை, வாந்தி வேறு. என்ன செய்ய? அவசரம்.

தொண்டிக்காரன்: எப்போது அடி? எது இடித்தது? என்ன ஸ்கேன்? காய்ச்சல் உண்டா? மூத்திரம் போனாரா? இதைச் சொன்னால்தானே சொல்ல முடியும்.

கீழக்கரை பாய்: வாயுதான். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும். கஞ்சி கொடுத்துப் படுக்க வையுங்கள்.

வார்டு அக்கா: கஞ்சி வேண்டவே வேண்டாம்! வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட.

பாம்பன்கரை: நேற்றுச் சாயங்காலம். வள்ளத்தைக் கரையேற்றும்போது அலை தள்ளி அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, தொப்புளுக்கு மேலே இடித்துவிட்டது. ஜெல் தடவிப் பார்க்கிற ஸ்கேன். மூத்திரம் போகிறது. உடம்பு சுடுகிறது, வயிற்றைத் தொடவே விடமாட்டேன் என்கிறார்.

பழைய சர்ஜன்: எத்தனை தடவை எழுதினாலும் இங்கே யாரும் படிப்பதில்லை. அவசரத்தில் எடுக்கும் அந்த ஸ்கேன் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். மண்ணீரல் கிழிந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். குடல் அப்படியில்லை. அணியத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நசுங்கி ஓட்டை விழுந்தாலும் ஆரம்பத்தில் நீர் அதிகம் சேராது, வயிறும் மெத்தென்றே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல், வாந்தி, இறுக்கம் எல்லாம். இனி வீட்டில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை இது.

தொண்டிக்காரன்: நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) அடியில் காற்று தெரியுமே, போதாதா?

பழைய சர்ஜன்: தெரிந்தால் ஓட்டை உறுதி. தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. நரம்பில் மருந்து ஏற்றி சிடி எடுக்க வேண்டும். அதிலும் சில நேரம் தப்பும். அதனால்தான் படுக்க வைத்து, மறுபடி மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. அதுவரை வலி ஊசி போடவே கூடாது.

வார்டு அக்கா: அது அந்தக் காலம் சார். ஊசி போட்டாலும் வயிற்று இறுக்கம் மறையாது. துடிக்க விடுவது என்ன நியாயம்?

தொண்டிக்காரன்: நேரே மதுரைக்குக் கொண்டுபோங்கள்.

வார்டு அக்கா: ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியைத் தாண்டி இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் இந்த நிலைமையிலா? 108-க்கு அடியுங்கள். முதலில் ராமநாதபுரம். டிரிப், ஆன்டிபயாடிக் ஏறட்டும். மேலே அனுப்புவதை சர்ஜன் முடிவு செய்யட்டும்.

பாம்பன்கரை: ஆபரேஷன் முடிந்தது. சிறுகுடலில் ஓட்டை, தைத்திருக்கிறார்கள். ஐசியூவில் இருக்கிறார். அப்புறம் எழுதுகிறேன்.

வார்டு அக்கா: டாக்டர் சொல்லும்வரை யார் பாசத்தில் நீட்டினாலும் சாப்பாடு வேண்டாம். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலோ வலியோ திரும்பினால் உடனே சொல்லுங்கள், தையல் விடுவது பெரும்பாலும் அப்போதுதான்.